பதினான்காவது வரி: ஒலி

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு ஜெயரூபி பன்னிரண்டாவது ஹெட்போனையும் கழற்றி மேசையில் வைத்தாள். பன்னிரண்டிலும் ஒரே சத்தம்தான் கேட்டது: அவளுடைய காதுக்குள் அவளுடைய இரத்தம் ஓடும் சத்தம். அதைக் கேட்பதற்கு அரசாங்கம் இவ்வளவு கம்பி இழுத்திருக்கத் தேவையில்லை.

மாலை நாலேகாலுக்கு அலுவலகங்கள் மூடும். அதற்குள் சத்தம் வந்தாக வேண்டும்.

சத்தம் வந்தால் அவளுக்கு விடுவிப்புக் கடிதம் கிடைக்கும். கடிதம் கிடைத்தால் திங்கட்கிழமை காலை யாழ்ப்பாணத்தில் கையெழுத்துப் போடலாம். போடாவிட்டால், நாலு வருடம் மனுப்போட்டு வாங்கிய இடமாற்றம் இரத்தாகிப் பட்டியலில் அடுத்து நிற்கும் புண்ணியவதிக்குப் போய்விடும். அரச உத்தியோகத்தில் இடமாற்றம் கொடுப்பது மேலிடம். ஆளை விடுவதா இல்லையா என்று தீர்மானிப்பது பக்கத்து மேசை. மேலிடம் டிசெம்பரிலேயே கொடுத்துவிட்டது. பக்கத்து மேசை இரத்தினபுரியில் இருந்தது. அந்த மேசையின் பெயர் உதவிப் பணிப்பாளர் சின்னத்துரை.

யாழ்ப்பாணத்தில் அவளுடைய கணவன் கேதீசனும் ஆறு வயது ஆரணியும் இருந்தார்கள். ஜெயரூபி தெரணியகலைக்கு வேலைக்கு வந்தபோது ஆரணிக்கு இரண்டு வயது. இப்போது பிள்ளை போனில் தாயோடு பேசும் தொனி, வங்கியில் யாரோ தெரியாத ஆளுக்குப் பதில் சொல்வது போலிருக்கிறது என்று கேதீசனே ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ஜெயரூபிக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

அவள் உட்கார்ந்திருந்த இடம் தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய பிள்ளைக் காம்பரா. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடமாக இருந்தது. பிள்ளைகளுக்குப் புதுக் கட்டடம் கிடைத்ததும் இது ‘எண்ணியல் விடியல் நிலையம்’ ஆகிவிட்டது. தொட்டில் கட்டிய கொக்கிகள் இன்னமும் உத்தரத்தில் இருந்தன. அவற்றில் இப்போது நெட்வேர்க் வயர்கள் தொங்கின.

பன்னிரண்டு மேசை, பன்னிரண்டு திரை, பன்னிரண்டு ஹெட்போன். ஒவ்வொரு திரைக்கும் கீழே சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் பெரிதாக ஒன்றுமில்லை. கணினி என்று சொல்லத்தக்க பொருள், அதாவது சேர்வர், இரத்தினபுரியில் இருந்தது. இங்கே தட்டினால் அங்கே எழுத்து விழும். அங்கே விழுந்த எழுத்து இங்கே திரையில் தெரியும். படம் மலை ஏறி வந்தது. எழுத்தும் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

சேர்வருக்கென்று இரத்தினபுரி அலுவலகத்தில் தனியறை கட்டியிருந்தார்கள். சின்னத்துரை ஒப்பவில்லை. “திட்டத்தின் மூளை திட்டத் தலைவனின் அருகில் இருப்பதே முறை” என்று சொல்லி அதைத் தன் அறைக்குள் தூக்கிவரச் செய்தார். நீல விளக்குகள் மினுங்கும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார். ஜனவரி இரண்டாம் திகதி நடந்த திறப்பு விழாவில், “மூடநம்பிக்கையின் முதுகெலும்பை முறிக்கவந்த யுகம் இது” என்று முக்கால் மணித்தியாலம் பேசினார். பேச்சில் விஞ்ஞானம் என்ற சொல் முப்பத்தொரு தடவை வந்ததாக எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னார்கள். எண்ணுவதைத் தவிர அவர்களுக்கு அப்போது வேறு வேலை இருக்கவில்லை.

விழா முடிந்ததும், நிலையத்தைச் சரிபார்த்துச் சான்றளிக்கும்படி ஜெயரூபிக்குப் பதினான்கு வரி கொண்ட ஒரு படிவம் வந்தது. மின்சாரம், மேசை, கதிரை, திரை என்று பதின்மூன்று வரிக்குச் சரி போட்டாயிற்று. பதினான்காவது வரி, ஒலி. நிலையத்தின் வகுப்பே ஆங்கிலமும் சிங்களமும் காதால் கேட்டுப் பழகும் வகுப்பு. “சத்தம் வரட்டும், ஜெயரூபி. அதன்பின் உமது விடுவிப்பைப் பற்றிப் பேசலாம்” என்று சின்னத்துரை போனில் சொன்னார். இருபத்தெட்டு நாளாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவளுடைய கோப்பு அவர் மேசைத் தட்டில் இருந்தது.

“மிஸ், சாப்புடலையா?” என்று கேட்டாள் விஜயகலா. அதே தோட்டத்துப் பெண், நிலையத்தின் போதனாசிரியை. சத்தம் வராத இந்த நாட்களில், பிள்ளைகளுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, முன்னால் நின்று பாடத்தைத் தானே உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் பசிக்கேல்லை.”

“காலையிலயும் பசிக்கலன்னீங்க. இங்க இங்கிலீஷ்காரனும் நான்தான், சிங்களக்காரியும் நான்தான். நீங்களும் மயங்கி விழுந்தீங்கன்னா டாக்டரும் நான்தான் ஆகணும்.”

“பகிடி விடாதை பிள்ளை. எனக்கு விசர் பிடிக்குது.”

“எனக்குப் புடிச்சி மூணு வாரம் ஆகுது மிஸ். சொல்லலை, அவ்வளவுதான்.”

சேர்வரைப் பொருத்திய கொழும்புக் கம்பனியின் உதவி இலக்கத்தில் முஹ்ஸின் என்றொரு பொறுமைசாலி இருந்தார். சேர்வரில் அவருடைய பகுதி பிழையில்லாமல் இருக்கிறது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. பெட்டியை நிறுத்திப் போடச் சொன்னார், போட்டாள். ஹெட்போனை மாற்றச் சொன்னார். அவிசாவளையில் சொந்தக் காசுக்கு ஒன்று வாங்கி மாற்றினாள். சத்தத்தின் அளவு நூறில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார், நூறில் இருந்தது. கடைசியில், “மிஸ், ஏதாச்சும் ஒரு ஓடியோவ அதுல ஏத்தி, திரும்பத் திரும்ப ஓடுற மாதிரி போட்டுடுங்க. காலையில இருந்து அந்திவரைக்கும் ஓடிட்டு ஈக்கட்டும். சத்தம் வந்த நிமிஷமே தெரிஞ்சிடும்” என்றார்.

அவளிடம் கைவசம் இருந்த ஓடியோ ஒன்றுதான். ஜனவரி மூன்றாம் திகதி ஆரணி வட்ஸ்அப்பில் அனுப்பிய ஒன்பது விநாடி. 

‘அம்மா, பொங்கலுக்கு வாறீங்களோ இல்லையோ? அப்பா கேக்கச் சொன்னவர். நான் கேக்கேல்லை.’

அதைத்தான் சேர்வரில் ஏற்றினாள். ஐந்தாம் திகதியிலிருந்து தினமும் காலை எட்டரைக்கு ஓடவிட்டாள். ஆத்திரம் கூடிய நாட்களில் பன்னிரண்டு மேசையிலும் ஓடவிட்டாள். திரையில் ஒலியின் பச்சைக்கோடு ஏறி இறங்கியது. பிள்ளை கேட்டுக்கொண்டேயிருந்தாள்; பொங்கலும் வந்துபோயிற்று. ஹெட்போனில் மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

இன்று ஒன்றரைக்குத்தான் எல்லாவற்றையும் நிறுத்தினாள். நிறுத்திவிட்டுச் சின்னத்துரையின் அறைக்குப் போன் எடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடியும் ஓய்ந்தது. அவருடைய கைத்தொலைபேசியோ ‘பின்னர் அழைக்கவும்’ என்று மும்மொழியிலும் சொன்னது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

விஜயகலா தன் போனை எடுத்தாள்.

“மிஸ், எங்க ஏழுமலை சித்தப்பா இரத்தினபுரி ஆபிஸ்லதானே பியோனா இருக்காரு. எப்ப கேட்டாலும் சார் மீட்டிங்ல இருக்காருன்னு போன வச்சிருவாரு. இன்னிக்கி விடமாட்டேன். இருங்க.”

ஏழுமலை மூன்றாவது மணியில் எடுத்தார். விஜயகலா ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

“சித்தப்பா, சார் சீட்ல இருக்காரா?”

“மீட்டிங்ல—”

“சித்தப்பா, எங்க மிஸ் இங்க அழுதுகிட்டு இருக்காங்க. மீட்டிங் கதைய வேற ஆளுகிட்ட சொல்லுங்க. அவங்க பைல் எங்க இருக்கு?”

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. ஏழுமலையின் குரல் இறங்கியது.

“கலா, இத நான் சொன்னேன்னு வெளிய வந்தா என் வேலை போயிரும். பைல் சாரு ரூம்புல, மேசைத் தட்டுல இருக்கு. சாரு அந்த ரூம்புக்குள்ள போயி மூணு வாரத்துக்கு மேல ஆச்சி. பக்கத்து ஸ்டோர் ரூம்புலதான் மேசை போட்டு ஒக்காந்திருக்காரு. ரூம்ப பூட்டி வச்சிருக்கு.”

“ஏன்?”

“ரூம்புக்குள்ள ஹொல்மன் இருக்குடி. பேய். சின்னப் புள்ள பேய்.”

ஜெயரூபி தலையைத் தூக்கவில்லை. பேய்க் கதை கேட்கிற நிலையில் அவள் இல்லை. விஜயகலாவுக்கு மட்டும் சிரிப்பு வந்தது.

“சித்தப்பா, வெள்ளிக்கிழமைலயே ஆரம்பிச்சிட்டீங்களா?”

“நான் குடிக்கிறத விட்டு ரெண்டு வருசமாச்சி, தெரியுமில்ல? சொல்றதக் கேளு. புள்ள அழுவாது. பேசும். காலையில எட்டரைக்குத் தொடங்கும், அந்தி நாலு மணிக்கு நிக்கும். ஆபிஸ் டைம் பேயி. சனி ஞாயிறு லீவு. சில நாளைக்கி ஒண்ணுதான் பேசும். சில நாளைக்கி பத்துப் பன்னெண்டு புள்ளைங்க ஒண்ணுமேல ஒண்ணு கத்தும். கிளார்க் வேலை பாக்குற நோனாமாரு, பொம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கமே போறதில்ல. எட்டாந் தேதி பூசாரியக் கூட்டியாந்து, தேசிக்கா வெட்டி, அந்த நீல லைட்டுப் பொட்டிக்கு சந்தனம் குங்குமம் எல்லாம் வச்சாச்சி. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளைக்கி, ரூம்புல இருந்து ஒரு தாளுகூட வாசலத் தாண்டக் கூடாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு. நான் மட்டும் போயி சூடம் கொளுத்திட்டு வாறேன். இன்னிக்கி இருவத்தி மூணாவது நாளு.”

“இப்பவும் பேசுதா?”

“இல்லடி, அதான் அதிசயம். இன்னிக்கி ஒண்ணரைக்கு டக்குனு நின்னுருச்சி. பூசை புடிச்சிருச்சின்னு சாரு இப்பதான் சொல்லிக்கிட்டிருந்தாரு.”

ஜெயரூபி மெல்லத் தலையைத் தூக்கினாள். கன்னத்தில் விசைப்பலகையின் சதுரங்கள் பதிந்திருந்தன.

“ஏழுமலை அண்ணை,” என்றாள். “அந்தப் பிள்ளை என்ன சொல்லுது?”

“மிஸ்ஸா? ஐயோ மிஸ், எனக்கு அந்த யாழ்ப்பாணப் பேச்சு சரியா வெளங்காதுங்க. அம்மான்னு கூப்புடுது. பொங்கல்னு என்னமோ கேக்குது. சாருக்கு நல்லா வெளங்குது. அவரு ஊருப் பேச்சுங்கிறதாலதான் அவருக்கு கூடுதலா பயம். முன்னூறு மைல் தேடிக்கிட்டு வந்திருக்குன்னு சொல்றாரு.”

ஜெயரூபியும் விஜயகலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அண்ணை, தயவுசெய்து அந்த அறையைத் திறந்து உள்ளுக்குப் போங்கோ. போனை வெட்டாதையுங்கோ.”

சாவி திரும்பும் சத்தம். கதவு. ஏழுமலை எதையோ முணுமுணுத்துக் கும்பிடும் சத்தம். ஜெயரூபி முதல் மேசைத் திரையில் ஒன்பது விநாடியை ஓடவிட்டாள். ஹெட்போன் வழக்கம் போல் செத்துக் கிடந்தது.

போனில் வந்தது. எங்கோ ஒரு பெரிய அறையில் மோதி, எதிரொலித்து, கரகரத்து, ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்தது.

‘அம்மா, பொங்கலுக்கு வாறீங்களோ இல்லையோ?’

“ஐயோ அம்மா!” என்று ஏழுமலை அலறினார்.

“அண்ணை, பயப்பிடாதையுங்கோ! அது என்ர பிள்ளை!”

இந்த வாசகத்தால் ஏழுமலையின் பயம் குறையவில்லை. விஜயகலா போனைப் பிடுங்கி, எல்லாவற்றையும் தோட்டத்துப் பேச்சில் ஒரு தடவையும், உறுதிக்குச் சிங்களத்தில் ஒரு தடவையும் விளக்கினாள். அதன்பிறகு அவர் அறையைத் தேடினார். அலுமாரிக்குப் பின்னால், திரைச்சீலை மறைவில், இடுப்பளவு உயரத்தில் இரண்டு கறுப்பு ஸ்பீக்கர்கள் சுவரைப் பார்த்து நின்றன. சத்தம் முழுதாகத் திருகி வைக்கப்பட்டிருந்தது.

ஜெயரூபி முஹ்ஸினுக்குப் போன் எடுத்தாள். அவர் பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினார்.

“ஆ, மிஸ், ஈக்கிது. திறப்பு விழாவுக்கு உங்கட சேர்தான் கேட்டிருக்கார். தோட்டத்துல இருந்து வார வாழ்த்துச் செய்தி எல்லாம் தன்ட ரூமுல பெரிசாக் கேக்கணுமாம். அதால எங்கட பொடியன் செட்டிங்க மாத்தி, ஸ்பீக்கரும் வச்சிட்டு வந்திருக்கான். திரும்ப மாத்தல்ல. அவன் இப்ப கட்டார்ல. பாருங்க, சத்தம் என்கிற இடத்துல மூணு வரி ஈக்கும். இந்தக் கணினியில் ஒலிக்க, ஒலிக்க வேண்டாம், தூரக் கணினியில் ஒலிக்க. புள்ளி எதுல ஈக்கி?”

புள்ளி மூன்றாவதில் இருந்தது. இருபத்தெட்டு நாள், ஒரு ஹெட்போன், பதினாறு தொலைபேசி அழைப்பு, இரண்டு தடவை இரத்தினபுரிக்கு வீண் பயணம். ஒரு புள்ளி.

“மாத்திரவா மிஸ்?” விஜயகலாவின் கை ஏற்கெனவே மவுஸில் இருந்தது.

“வேண்டாம்! தொடாதை!”

மணி இரண்டே முக்கால். ஜெயரூபியின் மூளை அவசரமாக வேலை செய்தது. புள்ளியை மாற்றினால் சத்தம் இங்கே வரும், அங்கே பேய் போய்விடும். போனாலும் கோப்பு நாற்பத்தெட்டாம் நாள்வரை, அதாவது பெப்ரவரி இருபத்து நாலுவரை, வாசலைத் தாண்டாது. விஞ்ஞானம் என்று முப்பத்தொரு தடவை சொன்ன மனிதர் பூசாரியின் வாக்கைத் தட்டமாட்டார். கோப்பைப் பூட்டி வைத்திருந்தது பேய். பேயை ஏவிவிட்டது அவள். எதைக் கேட்டு அவள் இருபத்தெட்டு நாள் போராடினாளோ, அந்தப் போராட்டமே அதை அடைத்து வைத்திருந்தது. சிரிப்பதற்குத் தகுந்த விஷயம்தான். அவள் சிரிக்காமல் விஜயகலாவின் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டாள்.

“சித்தப்பாகிட்ட சொல்லி சாரு போன வாங்கித் தரச் சொல்றேன்” என்றாள் விஜயகலா. “மிஸ், நல்லா நாலு வார்த்தை கேளுங்க. மனுசன் பேருக்கு முன்னால விஞ்ஞானின்னு போடாத கொறை.”

“கேட்டால் அந்தாள் செத்தாலும் கையெழுத்து வைக்காது.”

மூன்று மணிக்குச் சின்னத்துரை இணைப்பில் வந்தார்.

“சொல்லும், ஜெயரூபி. ஒலி சீராகிவிட்டதா?”

“வந்திட்டுது, சேர்.”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

“மகிழ்ச்சி. உமது கோப்பு எனது தீவிர பரிசீலனையில் உள்ளது. பெப்ரவரி இறுதிப் பகுதியில்—”

“இருபத்து நாலாம் திகதியோ, சேர்?”

“அது... உமக்கு யார் சொன்னது?”

“சேர், சத்தம் வாறது உங்கட அறையில. அது என்ர மகள்.”

ஸ்டோர் அறையின் தகரக் கூரையில் மழை விழுவது கேட்டது. இரத்தினபுரியில் மழை இல்லாத பிற்பகல் இல்லை.

“ஆற்ர மகள்?” என்றார் சின்னத்துரை. இருபத்தெட்டு நாளில் முதல் தடவையாக அவர் பேச்சில் இலக்கணம் இல்லை.

“என்ர மகள், சேர். ஆறு வயசு. அவளின்ர வொய்ஸ் மெசேஜைத்தான் நான் டெஸ்ட் பண்ணப் போட்டனான். பொங்கலுக்கு வாறீங்களோ இல்லையோ எண்டு...”

“அப்பா கேக்கச் சொன்னவர்,” என்றார் அவர், மிக மெல்லிய குரலில்.

“நான் கேக்கேல்லை,” என்று முடித்தாள் ஜெயரூபி.

அவருக்கு அது மனப்பாடமாகியிருந்தது. அவளுக்கும்தான்.

“உயிரோட இருக்கிற பிள்ளையோ?”

“ஓம் சேர். இப்ப பள்ளிக்கூடத்தால வந்திருப்பாள்.”

அவர் நீண்ட மூச்சு ஒன்றை விட்டார். அந்த மூச்சின் முதல் பாதி ஆறுதல். இரண்டாம் பாதியில் வேறொன்று ஏறுவது ஜெயரூபிக்குக் கேட்டது.

“அப்ப நான் இருபத்து மூண்டு நாள்... பூசாரி... முழுக் கந்தோரும் பாக்க...”

அவமானம் கோபமாக மாறுவதற்கு அதிகாரிகளுக்கு ஐந்து விநாடி போதும். ஐந்தில் மூன்று போய்விட்டது. கேட்க நினைத்த நாலு வார்த்தையையும் ஜெயரூபி விழுங்கினாள்.

“சேர் ஒலியை நேரில நிண்டு பரிசோதிச்சுக்கொண்டிருந்தனீங்கள் எண்டுதானே நான் அறிக்கையில எழுதப்போறன்.”

மழை பெய்தது. விஜயகலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பரிசோதனை,” என்றார் சின்னத்துரை. சொல்லை வாய்க்குள் வைத்து உருட்டிப் பார்த்தார். பிடித்திருந்தது. “ஆம். தொடர் பரிசோதனை. விஞ்ஞான முறையில் எந்தக் கருவியையும் இடையறாத கண்காணிப்பில் வைத்தே... எழுதும், நான் சொல்கிறேன்.”

அவர் சொல்லச் சொல்ல அவள் திரையில் தட்டினாள். எழுத்துகள் அவர் பூட்டிய அறைக்குள், சந்தனம் பூசிய பெட்டிக்குள் போய் விழுந்தன. ‘உதவிப் பணிப்பாளர் அவர்களின் நேரடி மேற்பார்வையில், அன்னாரின் அறையிலேயே, தொடர்ச்சியாக இருபத்து மூன்று வேலை நாட்கள் ஒலி பரீட்சிக்கப்பட்டு—’

“சேர், இருபத்து மூண்டு வேலை நாள் வராது. சனி ஞாயிறு போக—”

“இருபத்து மூன்று என்றே போடும்.”

போட்டாள். சனி ஞாயிறும் சேர்ந்து உழைத்தன. ‘—மிகத் தெளிவாகவும் அச்சந்தரும் வகையில் உயிரோட்டமாகவும் கேட்டதென உறுதிப்படுத்தப்பட்டது. சான்றளிக்கப்பட்ட பின் எவ்வித அமைப்பும் மாற்றப்படலாகாது.’ அச்சந்தரும் என்ற சொல்லைப் பிறகு அவரே எடுக்கச் சொன்னார்.

“இனி கடிதம், சேர்? மூண்டு நாப்பது.”

“கோப்பு உள்ளே இருக்கிறது.”

“அது பேய் இல்லையெண்டு இப்ப தெரியும்தானே, சேர்?”

“எனக்கு எப்போதும் தெரியும்,” என்றார் அவர் கண்டிப்பாக. பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனாலும் பூசாரி சொன்னவர். ஒரு தாளும் வாசலைத் தாண்டக் கூடாது எண்டு.”

ஜெயரூபி கண்ணை மூடினாள். யாழ்ப்பாணம் மூடியது. திங்கட்கிழமை மூடியது. “சேர்,” என்றாள். “நான் உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.” அதற்குமேல் அவளுக்குக் குரல் வரவில்லை. அழக்கூட வரவில்லை. அவள் பக்கத்தில் இப்போது ஒலி முற்றாக நின்றுவிட்டது.

அவளுடைய மௌனம் அவரை என்ன செய்ததோ தெரியாது. அந்தச் சின்னக் குரலை இருபத்து மூன்று நாள் சொல் விளங்கிக் கேட்ட மனிதர் அந்த அலுவலகத்தில் அவர் மட்டும்தான். மூன்று நாற்பத்தைந்துக்கு, நிர்வாக சேவையில் முப்பது வருடம் ஊறிய அந்த மூளை விழித்துக்கொண்டது.

“வாசல் எண்டுதானே பூசாரி சொன்னவர்?” என்றார் மெதுவாக. “யன்னலைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே.”

அந்தக் காட்சியை ஏழுமலை பின்னர் விஜயகலாவுக்கு நடித்தே காட்டினார். உள்ளே அவர். வெளியே, கொட்டும் மழையில், வடிகானுக்கு மேலே வைத்த பலகையில் குடையுடன் உதவிப் பணிப்பாளர். யன்னல் கம்பிக்குள்ளால் கோப்பு வெளியே நீண்டது. பேனாவும் உள்ளேயிருந்துதான் வர வேண்டும், இறப்பர் முத்திரையும் உள்ளேயிருந்துதான் வர வேண்டும். கிளார்க் நோனாமார் எதிர்க் கட்டடத்தில் வரிசையாக நின்று பார்த்தார்கள். சின்னத்துரை அவர்கள் பக்கம் திரும்பி, “வெளிக்களப் பரிசோதனை” என்று சிங்களத்தில் அறிவித்துவிட்டுக் கையெழுத்திட்டார். 

நான்கு ஏழுக்குக் கடிதத்தின் படம் வட்ஸ்அப்பில் வந்தது. ‘இன்று பிற்பகல் முதல் விடுவிக்கப்படுகிறீர்.’ முத்திரை சரிந்து விழுந்திருந்தது. சின்னத்துரையின் பெயரில் முதல் எழுத்தை மழைத்துளி கரைத்திருந்தது. சட்டப்படி அது யாரோ ‘ன்னத்துரை’ கொடுத்த கடிதம். ஜெயரூபி அதை நான்கு இடத்தில் சேமித்து, தலைமை அலுவலகத்துக்கும் அனுப்பினாள். நாலு பதினொன்றுக்குத் தலைமை அலுவலகம் ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்பியது.

அவள் எழுந்தபோது கால் மரத்திருந்தது. விஜயகலா பையை எடுத்துக் கொடுத்தாள்.

“அப்போ இந்தப் புள்ளி மிஸ்? அமைப்ப மாத்தக் கூடாதுன்னு எழுதிட்டாரே. எங்க புள்ளைங்க ஊமைப் பாடமாவே படிக்கிறதா?”

ஜெயரூபிக்கு வெட்கமாக இருந்தது. தனக்கு வேண்டிய தாளுக்காகப் பன்னிரண்டு ஹெட்போனையும் ஊமையாகவே சான்றளித்துவிட்டுப் போகிறாள்.

“திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் அங்க கையெழுத்து வைச்சிட்டு உனக்கு ஒரு மெசேஜ் போடுவன். போட்ட உடனை முதலாவது வரிக்கு மாத்து. ஆரும் கேட்டால் நான் மாத்தினது எண்டு சொல்லு.”

“கேட்டா அந்தப் பேயி மாத்திருச்சின்னு சொல்றேன். நீங்க போங்க மிஸ், பஸ்ஸு போயிரும்.”

திங்கட்கிழமை விஜயகலா மாற்றினாள். நிலையத்தில் சத்தம் வந்தது. இரத்தினபுரியில் நின்றது. அப்படியும் ஏழுமலை நாற்பத்தெட்டாம் நாள்வரை சூடம் கொளுத்த வேண்டியிருந்தது. “அதான் நின்னுருச்சே சார்?” என்று கேட்டதற்கு, “பரிசோதனையை இடைநடுவில் நிறுத்துவது விஞ்ஞானமல்ல” என்று பதில் வந்ததாம்.

அதெல்லாம் பிறகு நடந்தது. வெள்ளிக்கிழமை மாலை, அவிசாவளை பஸ்ஸில், கடைசிக்கு முந்திய ஆசனத்தில் இருந்துகொண்டு ஜெயரூபி கேதீசனுக்கு எடுத்தாள். சிக்னல் ஒரு வளைவில் வந்து மறு வளைவில் போனது.

“ரிலீஸ் கிடைச்சிட்டுது. நாளைக்குப் பின்னேரம் அங்க நிப்பன். பிள்ளையிட்டைக் குடுங்கோ.”

போன் கைமாறும் சத்தம்.

“ஆரணி, அம்மா. நான் வாறன் குஞ்சு. இனித் திரும்பிப் போகமாட்டன்.”

பதில் இல்லை.

பஸ் இறப்பர்க் காட்டுக்குள் இறங்கியது. ஜெயரூபி திரையைப் பார்த்தாள். இரண்டு கோடு சிக்னல் இருந்தது. சத்தத்தின் அளவு நிறைந்திருந்தது. போனை அடுத்த காதுக்கு மாற்றினாள். ஒரு மாதப் பழக்கம்.

“அலோ? ஆரணி? அம்மான்ர சத்தம் வருதோ?”

“வருது,” என்றது பிள்ளை. “நான்தான் கதைக்கேல்லை.”